வயசைக் குறைத்துக்கொண்ட ஹோட்டல்!

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. ‘‘அந்தப் பழைய தூணை எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும்’’ என்பான் மகன். ‘‘உங்க தாத்தா சாய்ஞ்சு பேப்பர் படிச்ச தூண்டா அது!’’ என்று மூக்கைச் சிந்துவாள் பாட்டி. கொத்தனார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் பீடி பற்ற வைப்பார். அவருக்கென்ன, தினக்கூலி!

இதே தூண் சண்டை சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலுக்கு வந்தது. அப்போது ஹோட்டலுக்கு வயது 101. வேலை முடிய இரண்டரை வருஷம். செலவு, 16 கோடி சிங்கப்பூர் டாலர். எல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது பாட்டி 28 வயசுக்காரியாக வந்து நின்றாள்!

அதுதான் ராஃபிள்ஸ் ஹோட்டல். வாசலில் தலைப்பாகை, மீசை சகிதம் சீக்கியக் காவலர். உள்ளே வெள்ளை வெளேர் என்று வரிசையாகத் தூண்கள், நடுமுற்றத்தில் பனை வகை மரங்கள், தேக்கு மாடிப்படி. அங்கே ஒரு ராத்திரி தங்க ஆகும் வாடகையைக் கேட்டால், நம் மாதிரி ஆட்கள் உள்ளே நுழையாமல் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி விடுவோம். அது போகட்டும். இங்கே விஷயம் வாடகை அல்ல. ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன அர்த்தம்? எதைக் காப்பாற்றுவது, எதை இடிப்பது?

பத்து அறையில் ஆரம்பம்

சார்க்கீஸ் என்று ஆர்மீனிய அண்ணன் தம்பிகள் நாலு பேர். ஹோட்டல் நடத்துவதில் கில்லாடிகள். பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், ரங்கூனில் ஸ்ட்ராண்ட் எல்லாம் இவர்கள் கைவண்ணம்தான். 1887 டிசம்பர் 1-ம் தேதி சிங்கப்பூர் பீச் ரோட்டில், ஓர் அரபு வியாபாரியின் பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, வெறும் பத்து அறைகளோடு ராஃபிள்ஸை ஆரம்பித்தார்கள். பெயர், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸுடையது. ஊருக்கே பிள்ளையார் சுழி போட்டவர் பெயரை வைத்தால் வேண்டாமென்று சொல்ல முடியுமா?

1889-ல் ருட்யார்ட் கிப்ளிங் என்ற இளம் எழுத்தாளர் அந்தப் பக்கம் வந்தார். ராஃபிள்ஸ் சாப்பாட்டை ஆஹா என்று மெச்சினார். அதே கையோடு அறைகளை மட்டமாகத் திட்டி, ராத்திரி தூங்குவதற்கு வேறொரு ஹோட்டலான யூரோப்புக்குப் போவதே உத்தமம் என்று எழுதி வைத்துவிட்டார். சார்க்கீஸ் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்களா? இல்லை. கத்தரிக்கோலை எடுத்தார்கள்! சாப்பாட்டைப் பற்றிய பாராட்டை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். ‘முதல் பாதி அருமை, பின் பாதி அறுவை’ என்று விமர்சனம் வந்தால் போஸ்டரில் ‘அருமை!’ மட்டும் வருகிறதே, அந்தக் கலைக்கு முன்னோடிகள் இவர்கள்.

ஆனால், வெட்டியதோடு விடவில்லை. திட்டிய அறைகளைச் சரிசெய்யவும் செய்தார்கள். 1894-ல் நடுமுற்றத்தைச் சுற்றிப் புதிய பகுதி. 1899-ல் மூன்று மாடிப் பிரதானக் கட்டடம். அதை வரைந்தவர் பிட்வெல் என்ற கட்டடக் கலைஞர். மின்விளக்கும் மின்விசிறியும் வந்தன. பங்கா இழுக்கிற ஆளை நம்பித் தூங்க வேண்டிய காலத்தில் ஸ்விட்சைத் தட்டினால் காற்று! அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் இந்த வசதி முதன்முதலில் வந்த இடங்களில் ராஃபிள்ஸும் ஒன்று.

அதாவது, இந்த ஹோட்டல் பிறந்ததிலிருந்தே இடிப்பதும் கட்டுவதுமாகத்தான் வளர்ந்தது. ஒரே நாளில் ஒரே ஆள் கட்டிவைத்த தாஜ்மகால் அல்ல. பின்னால் வந்த தலைவலிக்கெல்லாம் காரணம் இதுதான்.

எதிர்வீட்டில் நடந்தது

1902-ல் பக்கத்தில் நடந்த ஒரு வேடிக்கைக் காட்சியிலிருந்து புலி ஒன்று தப்பி வந்து ராஃபிள்ஸில் ஒளிந்துகொண்டது. பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் புலி படுத்திருந்தது என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். கொஞ்சம் மசாலா. பில்லியர்ட்ஸ் அறை இருந்த கட்டடம் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியது. புலி இருந்தது அந்தத் தரைக்கு அடியில். எப்படியோ, ஆளைக் கூப்பிட்டார்கள். வந்து சுட்டவர் யார் தெரியுமா? எதிரே இருந்த ராஃபிள்ஸ் இன்ஸ்டிட்யூஷன் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர்! (ஹோம் ஒர்க் செய்யாமல் போன பையன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

அந்தப் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்பதுதான் நமக்கு முக்கியம். 1837-லிருந்து அங்கே இருந்த பள்ளி 1972-ல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் 1986-ல் ராஃபிள்ஸ் சிட்டி வளாகம் எழுந்தது. அதில் 73 மாடி ஹோட்டல் ஒன்று, அந்தச் சமயத்தில் உலகத்திலேயே உயரமானது.

இன்னொரு பக்கம், கிப்ளிங் தூங்கச் சொன்னாரே, அந்த யூரோப் ஹோட்டல்? அதை 1936-ல் இடித்து, அங்கே சுப்ரீம் கோர்ட் கட்டினார்கள். (அந்த இடத்தில் தூக்கம் தொடர்ந்ததா என்பது வக்கீல்களுக்கே வெளிச்சம்.) இன்றைக்கு அந்தக் கோர்ட் கட்டடம் தேசிய ஓவியக் கூடத்தின் ஒரு பகுதி.

ஆக, மூன்று மாடி ராஃபிள்ஸின் தலைக்கு நேர் எதிரே 73 மாடி. நகரத்தின் மையத்தில் தங்கம் விலை விற்கிற மண். சதுர அடிக் கணக்கு போடுகிற எந்த முதலாளியும், ‘‘இடிச்சுட்டு நாமளும் அடுக்கலாமே சார்’’ என்றுதான் யோசிப்பார்.

இடிக்காமல் விட்டதற்குக் காரணம் வெறும் பாசம் இல்லை. அறுபது, எழுபதுகளில் சிங்கப்பூர் பழைய தெருக்களைப் பெருக்கித் தள்ளிவிட்டு அடுக்குமாடிகளைக் கட்டியது. சேரி போய் சுத்தமான வீடு வந்தது, ஜனங்களுக்கு லாபம்தான். ஆனால், 1983-ல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஏன் என்று ஆராய அடுத்த வருஷம் ஒரு குழு போட்டார்கள். பழைய கீழ்த்திசை வாசனையை நாமே துடைத்து எடுத்துவிட்டோம் என்பது அந்தக் குழு சொன்ன காரணங்களில் ஒன்று. கண்ணாடிக் கட்டடம் பார்க்க வெள்ளைக்காரன் எதற்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வர வேண்டும்? அதுதான் அவன் ஊரிலேயே இருக்கிறதே!

1987-ல், நூறு வயது நிறையும் வருஷத்தில், ராஃபிள்ஸ் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் சைனா டவுன், கம்போங் கிளாம், நம்மவர்கள் கடை விரித்திருக்கும் லிட்டில் இந்தியா ஆகிய பகுதிகளும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. அதே 1989-ல், மார்ச் 15-ம் தேதி, ராஃபிள்ஸ் கதவைச் சாத்திவிட்டு மராமத்தில் இறங்கியது.

எந்த வருஷம்?

இப்போது வருகிறது தூண் சண்டை.

‘பழைய ராஃபிள்ஸைத் திரும்பக் கொண்டு வருவோம்’ என்று சொல்வது சுலபம். எந்தப் பழைய ராஃபிள்ஸ்? 1887-ன் பத்து அறை பங்களாவா? 1899-ன் மூன்று மாடியா? 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது ‘ஸ்யோனன் ரியோகான்’ என்று ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டதே, அந்த விடுதியா? எல்லாமே சரித்திரம்தான்.

முடிவு செய்தார்கள்: 1915.

அது ஹோட்டலின் பொற்காலம். ஊர் பூராவும் பேர். அங்கே மதுக்கூடத்தில் வேலை பார்த்த ஙியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற பானத்தைக் கலந்து கொடுத்ததும் அந்த வருஷத்தை ஒட்டித்தான் என்கிறார்கள். பெண்கள் நாலு பேர் முன்னால் குடித்தால் கேவலம் என்று நினைத்த காலம். பழரசம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்ததால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கதை உண்டு. ரோஜா நிற ரகசியம்!

1915 என்று கோடு போட்டதும் ஒரு பிரச்னை. 1920-களின் தொடக்கத்தில் பிரதானக் கட்டடத்தின் முன்னால் பெரிய நடன மண்டபம் ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்காக, வாசலில் இருந்த அழகான வார்ப்பிரும்பு போர்ட்டிகோவைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். மண்டபம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் பிட்வெல் வரைந்த முகப்பு மறைந்துபோயிற்று. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் மாமா நின்ற கதை.

மண்டபத்தை இடித்தால் முகப்பு தெரியும். ஆனால், அந்த மண்டபமும் சாமான்யப்பட்டதல்ல. அறுபது, எழுபது வருஷம் அங்கே ஆடியிருக்கிறார்கள். யுத்தம் கழுத்துக்கு வந்த 1942-லும் ராஃபிள்ஸில் பாட்டும் நடனமும் நிற்கவில்லை என்று சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு ‘எங்க ராஃபிள்ஸ்’ என்றால் நினைவுக்கு வருவது அந்த மண்டபம்தான். 1915-ன் போர்ட்டிகோவைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

யார் பக்கம் நியாயம்? கட்டடத்துக்கா, அதில் வாழ்ந்தவர்களின் ஞாபகத்துக்கா?

கட்டடம் ஜெயித்தது. மண்டபம் இடிந்தது. பழைய வரைபடங்களையும் போட்டோக்களையும் பார்த்து, காணாமல் போன போர்ட்டிகோவை மறுபடி வார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்றைக்கு டாக்ஸியிலிருந்து இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, ‘‘ஆஹா, அந்தக் காலத்து வேலைப்பாடு!’’ என்கிறார்கள். அந்தக் காலம்தான்... 1991!

சுவருக்கும் மூச்சு உண்டு

இந்த மாதிரி மராமத்தில் வெளியே தெரியாத வேலைகள்தான் கழுத்தை அறுக்கும். முதலில் சுவர்.

ராஃபிள்ஸிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856-ல் கட்ட ஆரம்பித்து 1861-ல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட கைதிகள். உள்சுவருக்கு அவர்கள் பூசிய பூச்சுக்குப் பெயரே ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’! கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்... எல்லாம் சேர்த்து அடித்து, பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு புரியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை உள்ளே வாங்கும். வெயில் வந்தால் வெளியே விடும். மூச்சு விடுகிற மாதிரி. இது தெரியாமல் விரிசலைப் பார்த்ததும் நம் மேஸ்திரி என்ன செய்வார்? ‘‘ஒரு மூட்டை சிமென்ட் போதும் சார், கல்லு மாதிரி ஆயிடும்!’’ ஆகும். ஆனால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல் உப்புப் பூத்து உதிர ஆரம்பிக்கும். மேலே சிமென்ட் ஜம்மென்று இருக்கும்; உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அதே வேலையைத்தான் செய்யும். எனவே பழைய சுவருக்குப் பழைய வைத்தியம்தான்: சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு.

அடுத்தது காற்று. ராஃபிள்ஸ் ஏ.சி. இல்லாத காலத்தில், வெயில் ஊருக்காகவே யோசித்துக் கட்டியது. 14 அடி உயரக் கூரை; சூடு மேலே போய்விடும். அறைக்கு வெளியே நீளத் தாழ்வாரம். வெயிலும் மழைச் சாரலும் சுவரில் படாது. நடுவில் திறந்த முற்றம். காற்று குறுக்கே ஓடும். இப்போது வருகிற விருந்தாளிக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது. தீ பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கிற குழாய் வேண்டும். லிஃப்ட் வேண்டும். இத்தனை குழாயையும் வயரையும் எங்கே ஒளிப்பது? கூரையைத் தாழ்த்தி ஒரு பொய்க்கூரை போட்டால் வேலை சுலபம். ஆனால் 14 அடி, 9 அடியானால் அது ராஃபிள்ஸ் இல்லை, நம்ம ஆபீஸ்! ஒரு கட்டடத்தின் குணம் அதன் அலங்காரத்தில் மட்டும் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே கிடைக்கிற அந்தத் தாராளத்திலும் இருக்கிறது.

கிடைத்ததும் போனதும்

1991 செப்டம்பர் 16-ம் தேதி ஹோட்டல் மறுபடி திறந்தது. சாதாரண அறை என்ற பேச்சே இல்லை. 104-ம் வரவேற்பறை, படுக்கையறை என்று தனித்தனியாக உள்ள சூட்கள். முகப்பு பளிச். தேக்கு பளபள. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

முணுமுணுப்பும் இருந்தது. ‘‘இத்தனை பளபளப்பு 1915-லேயே கிடையாது’’ என்றார்கள் விமர்சகர்கள். பக்கத்தில் பழைய பாணியிலேயே புதிதாகக் கடைகள் கட்டினார்களே, எது பழசு எது புதுசு என்று வருகிறவனுக்குத் தெரியாமல் போகாதா என்று கேட்டார்கள். ‘லாங் பார்’ என்ற புகழ்பெற்ற மதுக்கூடத்தைப் பழைய இடத்திலிருந்து தூக்கி, புதுக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தது பலருக்கு ஜீரணமாகவில்லை. சாமியைப் புதுக் கோயிலுக்கு மாற்றிய மாதிரி!

ஆனால், இடம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. லாங் பாரில் வறுத்த வேர்க்கடலை கொடுப்பார்கள். தோலைத் தரையிலேயே போட வேண்டும். ஆமாம் சார், சிங்கப்பூரில்! தெருவில் காகிதத்தைப் போட்டால் அபராதம், 1992-லிருந்து சூயிங்கம் விற்கவே தடை... அந்த ஊரில் நொறுக் நொறுக்கென்று குப்பையை மிதித்துக்கொண்டு நடக்கிற ஆனந்தத்துக்கு ஈடு உண்டா? மாளிகையைக் காப்பாற்ற 16 கோடி டாலர். இந்தக் கடலைத் தோலைக் காப்பாற்ற ஆன செலவு, ஒரு விளக்குமாறு. ஆனால், வந்து போனவர்கள் ஊரில் போய்ச் சொல்கிற கதை இதுதான்.

தவறு நடந்தால் அதை ஒத்துக்கொள்ளவும் அடுத்த மராமத்து வருமே. 2017-ல் மறுபடி வேலை ஆரம்பித்து, அந்த வருஷக் கடைசியில் முழுசாக மூடி, 2019 ஆகஸ்டில் திறந்தார்கள். இப்போது சூட்கள் 115. வளாகத்தில் இருந்த ஒரு நாடக அரங்கை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினார்கள். என்ன தெரியுமா? நடன மண்டபம்! ஆனால், இந்தத் தடவை மாமா போட்டோவுக்கு முன்னால் நிற்கவில்லை. முகப்பை மறைக்காமல் பின்னால் தள்ளி இடம் கொடுத்தார்கள்.

சார்க்கீஸ் சகோதரர்களின் மற்ற பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன. ரங்கூன் ஸ்ட்ராண்ட் 1993-லும், பினாங்கு ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் 2001-லும் மராமத்து முடிந்து திறந்தன. பாவம், சகோதரர்கள்தான் இதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1931-லேயே கடனில் மூழ்கி, தொழில் கைவிட்டுப்போயிற்று. ஹோட்டல் ஜெயித்தது, ஹோட்டல்காரர் தோற்றார்.

எப்படிப் பார்த்தாலும், பழைய கட்டடத்தை ‘அப்படியே’ காப்பாற்றுவது என்று ஒன்று கிடையாது. ஏதோ ஒரு வருஷத்தைப் பிடித்து நிறுத்துகிறோம். மற்ற வருஷங்களை அனுப்பி வைக்கிறோம். அதை யோசித்துச் செய்தார்களா, எதை எடுத்தோம், எதைப் புதிதாக வைத்தோம் என்று மறைக்காமல் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. இடித்துவிட்டால் அந்தக் கேள்வி கேட்கக்கூட இடம் இருக்காது. எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்றைக்கு யார் சண்டை போடுகிறார்கள்?

ஒன்று மட்டும் எத்தனை கோடி கொட்டினாலும் திரும்பி வரவில்லை. ராஃபிள்ஸ் இருப்பது பீச் ரோட்டில். ஆரம்பத்தில் ஹோட்டலுக்கு எதிரே அலை அடித்தது. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக் கப்பல் பார்த்தார்கள். சிங்கப்பூர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் மண்ணைக் கொட்டிக் கொட்டி நிலமாக்கியது. போர்ட்டிகோவைத் திரும்ப வார்க்க முடிந்தது. கடலை யாரால் வார்க்க முடியும்?

இப்போது அந்தத் தாழ்வாரத்தில் நின்று எதிரே பார்த்தால் கார் ஓடுகிறது. பீச் ரோட்டில் ரோடு இருக்கிறது. பீச்சைத்தான் காணோம்!